முட்டைத் தட்டில் ரேஸ் இஞ்சின்

"குடும்பத்தார் அனைவருக்கும் ஒரு முக்கிய அறிவிப்பு. இன்னும் சற்று நேரத்தில் நமது வாகனத்தின் புதிய இதயம் துடிக்கத் தொடங்கும். இந்தத் தெருவின் வரலாற்றில் இதற்கு முன்னும் இல்லை, இனிமேலும் இருக்கப்போவதில்லை. அனைவரும் வாசலில் கூடவும்."

சொன்னது அமைச்சர் இல்லை. கிரீஸ் பனியனோடு நின்ற மாஸ்டர். கூட வேண்டிய அனைவரும் என்பது மூன்று பேர். அவர்களில் அம்மா அடுப்படியில் இருந்தாள், மகள் பாப்பா பல் தேய்த்துக்கொண்டிருந்தாள், மூன்றாவது ஆள் வண்டிக்கு அடியில் படுத்திருந்ததால் ஏற்கெனவே கூடியாகிவிட்டது.

மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஊரில் பாதிப் பேருக்குக் கிளட்ச் எது, பிரேக் எது என்று காட்டிக்கொடுத்தவர். மீதிப் பாதிப் பேருக்குக் காட்டிக்கொடுத்தவர் அவருடைய தம்பி. அந்த ஸ்கூலும் இதே தெருவில் எதிர்ப்பக்கம்தான் இருக்கிறது. யார் பெயர்ப்பலகை பெரிது என்று ஆரம்பித்த பேச்சு, பேச்சே இல்லாமல் போய் நாலு வருஷம் ஆகிறது.

பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் பெடல் உண்டு. பிரேக் இருக்கும், கிளட்ச் இருக்கும். ஆக்சிலரேட்டர் மட்டும் இருக்காது. வாழ்நாள் முழுக்க அடுத்தவன் வேகத்தை நிறுத்தியே பிழைத்த மனுஷனுக்கு உள்ளுக்குள் என்னவெல்லாம் சேர்ந்திருக்கும் என்று வீட்டில் யாரும் யோசிக்கவில்லை. அம்மாவின் தம்பி மட்டும் யோசித்தார். பாப்பாவுக்குத் தாய்மாமா. பழைய சாமான் கடை ஒன்றில் அவருக்கு வேலை. வேலை என்பது அவர் சொல்வது. கடைக்காரர் அதற்கு வேறு வார்த்தை வைத்திருக்கிறார்.

போன வாரம் அந்த மாமாதான் ஒரு கோணியைத் தூக்கிக்கொண்டு வந்து நடு ஹாலில் வைத்தார். எங்கேயோ பந்தயத்தில் கவிழ்ந்த வண்டியின் சாமான்கள். முறுக்கான வால்வ் ஸ்பிரிங்குகள், இஞ்சினுக்குள் சுற்றுகிற கேம் ஷாஃப்ட் என்ற தண்டு ஒன்று, அதோடு கட்டைவிரல் அளவில் எட்டு டேப்பெட்.

"மச்சான், கேம் ஷாஃப்டுல இந்த மேடு மேடா இருக்கு பாருங்க. இது சுத்தறப்போ டேப்பெட்டைத் தூக்கும். டேப்பெட் போய் வால்வைத் திறக்கும். நம்ம வண்டியோட மேடு குள்ளம். இது எவ்வளவு ஒசரம் பாருங்க. வால்வ் வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கும். காத்து அள்ளிக்கிட்டு உள்ள போகும். வண்டி பறக்கும்."

"பறக்கட்டும் மாப்ளே," என்றார் மாஸ்டர்.

மாமா ஒரே ஒரு எச்சரிக்கை சொன்னார். புதுசாக இருந்தால் கவலையில்லை, இவை ஓடிப் பழகியவை. ஒவ்வொரு டேப்பெட்டும் தன்னுடைய மேட்டோடு மட்டும் உரசி, அதற்கேற்ற மாதிரி தேய்ந்து வந்திருக்கிறது. எது எதோடு இருந்ததோ அதனோடுதான் போட வேண்டும். "புருஷன் பொண்டாட்டி மாதிரி மச்சான். ஜோடி மாத்திட்டா ஒண்ணை ஒண்ணு தின்னுடும்."

"மாத்தலைன்னாலும் தின்னத்தாண்டா செய்யுது," என்றாள் அம்மா.

மாஸ்டர் ஒரு முட்டைத் தட்டை எடுத்து, ஒவ்வொரு குழியிலும் பென்சிலால் எண் எழுதி, டேப்பெட்டுகளை வரிசையாக வைத்தார். அதன்பின் தன் வண்டியிலிருந்து கழற்றிய பழைய கேம் ஷாஃப்டைப் பழைய இரும்புக்காரரிடம் சும்மாவே தூக்கிக் கொடுத்தார். "பின்வாங்கும் பேச்சுக்கே இடமில்லை" என்று அறிவித்தார். இதற்கெல்லாம் அவர் சொன்ன காரணம்தான் பாப்பாவைப் பேச விடாமல் அடித்தது.

"ஆம்புலன்ஸ் ஓட்டப் போறவ. வேகமான வண்டியில டெஸ்ட் குடுக்கணும்."

பாப்பாவுக்கு இருபத்திரண்டு வயது. பெயர்தான் பாப்பா. படிப்பு முடிந்ததிலிருந்து அப்பாவின் ஸ்கூல் மேஜையில் உட்கார்ந்து ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் டெஸ்ட் தேதி வாங்கிக் கொடுத்தவள். அவளுக்கு மட்டும் அவர் தேதி வாங்க விடவில்லை. மாஸ்டர் பெண்ணே டெஸ்டில் தோற்றுவிட்டால் பலகையில் உள்ள பெயர் என்னாவது? இன்னும் கொஞ்சம் பழகட்டும், இன்னும் கொஞ்சம் பழகட்டும் என்றே வருஷங்கள் போயின. இந்தத் தடவை அவள் அவரைக் கேட்காமலே வேலைக்கு விண்ணப்பம் போட்டு, டெஸ்டுக்கும் தேதி வாங்கிவிட்டாள். ஆம்புலன்ஸ் வேலை கிடைத்துவிட்டது. நாளை காலை போய்ச் சேர வேண்டும். கையில் லைசென்ஸ் இருக்க வேண்டும். இல்லையென்றால் பட்டியலில் அடுத்த ஆள்.

டெஸ்ட் இன்றைக்கு.

வாயைக் கொப்பளித்துவிட்டு டீக்காக அடுப்படிக்குள் போன பாப்பா, மேடையைப் பார்த்து அப்படியே நின்றாள்.

முட்டைத் தட்டில் முட்டைகள் இருந்தன.

ஒரு முட்டையைத் தூக்கிப் பார்த்தாள். குழியில் பென்சிலால் 'மூன்று' என்று இருந்தது.

"அம்மா... இதுல இருந்த இரும்பெல்லாம் எங்க?"

"அதுவா? நேத்தே கழுவிட்டேன்," என்றாள் அம்மா. குரலில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது. "என்ன பிசுக்கு, என்ன பிசுக்கு! உங்கப்பாதானே சொன்னாரு, ஆப்பரேஷன் தியேட்டர் மாதிரி சுத்தமா இருக்கணும்னு. குண்டானில போட்டு, சோப்புத்தூள் போட்டு, தேங்காய் நார் வெச்சுத் தேய்ச்சேன். பளபளன்னு ஆயிடுச்சு. வெள்ளைத் துண்டு விரிச்சு வெயில்ல காய வெச்சுக் குடுத்தேன்."

"வரிசை?"

"வரிசையாத்தான் வெச்சேன். கோணல் மாணலா வெக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது."

பாப்பா வாசலுக்கு ஓடினாள். மாஸ்டர் இஞ்சின் மூடியின் கடைசி போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா, டேப்பெட்டெல்லாம் எந்த வரிசையில போட்டீங்க?"

அவர் போல்ட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எல்லாம் ஒரே அளவுதான்."

"அது எனக்கும் தெரியும். எது எங்கேன்னு தெரியுமா?"

"பாப்பா, நல்ல காரியம் தொடங்குற நேரத்துல குறுக்கே பேசக் கூடாது."

வண்டிக்கு அடியிலிருந்து மாமா தலையை நீட்டினார். "என்ன மச்சான், வரிசை மாறிப்போச்சா?"

"நீ அடியிலேயே இருடா."

மாமா அடியிலேயே இருந்தார்.

மாஸ்டருக்குத் தெரியும் என்பது பாப்பாவுக்குப் புரிந்துவிட்டது. நேற்று வெள்ளைத் துண்டைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் விளங்கியிருக்கும். ஆனால் 'தவறு நடந்துவிட்டது' என்று அறிவிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அறிவிப்புகள் எல்லாம் மேலே போகிற விஷயத்துக்குத்தான். திரும்பிப் போகலாம் என்றால் பழைய கேமும் இல்லை. ஆகவே கைக்கு வந்ததை வந்த ஓட்டையில் போட்டு மூடிவிட்டார்.

சாவியைத் திருப்பினார்.

வண்டி இருமியது. மறுபடி இருமியது. அப்புறம் பிடித்துக்கொண்டு, வாசல் கிரில் கேட் அதிர, 'L' பலகை ஒரு பக்கம் கழன்று தொங்க, குளிர்காய்ச்சல் வந்த எருமை போல நின்ற இடத்தில் நடுங்கியது.

"கேட்டியா? இதுதான் ரேஸ் சத்தம்!"

நின்றுவிட்டது.

திரும்பவும் கிளப்பினார். திரும்பவும் நின்றது. அதில் ஒரு விஷயம் இருந்தது, அதை மாமா கோணியைப் பிரித்தபோது சொல்ல மறந்துவிட்டார். ரேஸ் கேம் பிறந்ததே ஓடுவதற்குத்தான். வேகம் மேலே போகப் போகத்தான் அதற்கு உயிர். கீழே, ஆள் நடக்கிற வேகத்தில், அது பிணம். டிரைவிங் ஸ்கூல் வண்டியோ பிறந்ததிலிருந்து ஆள் நடக்கிற வேகத்தைத் தாண்டியதில்லை. ஏறக்குறைய ஒரு நத்தைக்கு ஓட்டப்பந்தய ஷூ வாங்கி மாட்டியிருந்தார்கள்.

மாஸ்டர் ஸ்குரூ ஒன்றைத் திருகி, சும்மா நிற்கும்போதே இஞ்சின் அலறும்படி செய்தார். இப்போது நிற்கவில்லை. ஆனால் அலறலுக்கு நடுவே 'டிக் டிக்' என்று ஒரு சின்னச் சத்தம், யாரோ உள்ளே உட்கார்ந்து ஸ்பூனால் தட்டுகிற மாதிரி.

"அது என்னப்பா?"

"செட் ஆகுது."

டெஸ்ட் மைதானத்துக்கு எல்லோருமே போனார்கள். பின்சீட்டில் அம்மாவும் மாமாவும், முன்னால் மாஸ்டர். பாப்பா ஓட்டினாள். கிளட்சை விட்டால் வண்டி கயிறு அறுந்த மாடு மாதிரி பாய்ந்தது. பிடித்தால் செத்தது. பாய்வதற்கும் சாவதற்கும் நடுவில் நூலளவு இடம் இருந்தது. வழியிலேயே அவள் கால் அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டது. டிக் டிக் இப்போது டக் டக் ஆகியிருந்தது.

மைதானத்தில் மற்ற ஸ்கூல் வண்டிகள் வரிசையாக நின்றன. மாஸ்டர் இறங்கியதும் நேராக அந்தக் கூட்டத்துக்குப் போய், பானெட்டைக் காட்டி, கையை விரித்து ஏதோ பேச ஆரம்பித்தார். பாப்பா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வயசானவர், அதட்டல் இல்லாதவர். உட்கார்ந்ததுமே கேட்டார், "என்னம்மா, வண்டி ஏன் இப்படி நடுங்குது?"

"பழைய வண்டி சார்."

"வண்டியைவிட நான் பழசு. நான் நடுங்கலையே. சரி, போ."

போனாள். குறுகலான சந்து, ஒரு கூம்பைக் கூடத் தொடாமல். வளைவு. பின்னால் எடுத்து இரண்டு கோட்டுக்கு நடுவில் நிறுத்துவது, ஒரே தடவையில். மேஜையில் உட்கார்ந்திருந்த அத்தனை வருஷமும் ஜன்னல் வழியாக அவள் பார்த்துப் பார்த்து மனசுக்குள் ஓட்டியது வீண்போகவில்லை. அலறுகிற வண்டியை அவள் தூங்குகிற குழந்தையைத் தூக்கிப்போகிற மாதிரி கொண்டுபோனாள். இன்ஸ்பெக்டர் கையிலிருந்த பேனா இரண்டு முறை தானாகத் தலையாட்டியது.

கடைசியில் மேடு.

சின்ன மேடுதான். பாதியில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்னால் உருளாமல் மறுபடி எடுக்க வேண்டும். நிறுத்தினாள். எடுத்தாள்.

டக் டக் என்ற சத்தம் திடீரென்று நின்றுவிட்டது.

அதுதான் கெட்ட சகுனம். இவ்வளவு நேரமாக உள்ளே தின்றுகொண்டிருந்தது தின்று முடித்துவிட்டது. ஒரு காலை இழந்த மாதிரி இஞ்சின் நொண்டி, இழுத்து, செத்தது. வண்டி பின்னால் உருளுமுன் பாப்பா பிடித்துவிட்டாள். மறுபடி கிளப்பினாள். செத்தது. மூன்றாவது தடவை, கண்ணாடியில் பின்சீட்டு அம்மா கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுப்பது தெரிந்தது. சாவியைத் திருப்பினாள். செத்தது.

இன்ஸ்பெக்டர் எதிரே மிச்சமிருந்த மேட்டைப் பார்த்தார்.

"ஓட்டினது நல்லாத்தான் ஓட்டினே. ஆனா மேடு ஏறலையே. நான் என்னன்னு எழுதுவேன்?"

"சார், வண்டிதான் சார்..."

"தெரியுது. மத்தியானம் வரைக்கும் இங்கதான் இருப்பேன். ஓடுற வண்டி ஒண்ணு கொண்டா. ரெண்டு பக்கமும் பெடல் இருக்கணும். இந்த மேட்டை மட்டும் ஏறிக் காட்டு, கையெழுத்துப் போட்டுடறேன்."

பாப்பா இறங்கி நேராக மற்ற ஸ்கூல்காரர்களிடம் போனாள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒருவர் ஆளே இல்லாத பக்கம் திரும்பி யாரையோ கூப்பிட்டார். ஒருவர் மட்டும் வாயைத் திறந்தார்.

"எங்களுது மாட்டு வண்டிம்மா. உங்கப்பாதான் போன வருஷம் அப்படின்னு நோட்டீஸ் அடிச்சு ஊரெல்லாம் குடுத்தாரே. ரேஸ் கார்ல வர்றவங்களுக்கு அது சரிப்படுமா?"

மிச்சம் இருந்தது ஒரே ஆள். பாப்பா அப்பாவின் போனை வாங்கி, அவரே அழிக்காமல் வைத்திருந்த நம்பரை அழுத்தி, அவர் கையில் கொடுத்தாள்.

"யாரு?"

"சித்தப்பா."

"அவன்கிட்டயா?" மாஸ்டரின் முகம் சுருங்கியது. "பாப்பா, நான் அவன்கிட்ட..."

"வண்டி குடுன்னு ஒரு வார்த்தைப்பா. ஒரே ஒரு வார்த்தை. எனக்காக."

போன் எடுக்கப்பட்டது. சித்தப்பாவுக்கு இயல்பிலேயே பெரிய குரல், பக்கத்தில் நின்றவளுக்கும் எல்லாம் கேட்டது.

"அண்ணே? நீங்களா? என்னண்ணே, நாலு வருஷத்துல முதல் போன்! பாப்பாவுக்கு இன்னைக்கு டெஸ்டாமே. எதாவது வேணுமாண்ணே?"

கதவு திறந்தே இருந்தது. உள்ளே காலை வைத்தால் போதும். பாப்பா அப்பாவின் முகத்தையே பார்த்தாள். மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். தோளை நிமிர்த்தினார். அவளுக்கு அந்த நிமிர்வு தெரியும், அறிவிப்புக்கு முன்னால் வருவது.

"வேணுமாவா? எனக்கா? எனக்கு என்னடா குறைச்சல்? வண்டிக்கு ரேஸ் இஞ்சின் போட்டிருக்கேன். மைதானமே அசந்து போய் நிக்குது. அதைத்தான் சொல்லலாம்னு கூப்பிட்டேன்."

"அப்படியா! ரொம்ப சந்தோஷம்ண்ணே."

"ம். வெச்சுடறேன்."

வைத்துவிட்டார். மாஸ்டர் போனின் திரையைச் சட்டையில் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"வாய்ல வந்துடுச்சு பாப்பா," என்றார் மெதுவாக.

"இருபத்தஞ்சு வருஷமா உங்களுக்கு வேற எதுவும் வாய்ல வரலை," என்றாள் அம்மா. "பிரேக்கு காலுக்கு மட்டும்தானா? வாய்க்கு ஒண்ணு வெச்சுக்கக் கூடாது?"

மறுபடி கூப்பிடச் சொல்லி அம்மா திட்டினாள், மாமா கெஞ்சினார். மாஸ்டர் மாட்டேன் என்று சொல்லவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. கடைசியில் பாப்பாவே போனைப் பிடுங்கி அழுத்தினாள். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள்.

"அடக் கடவுளே," என்றார் சித்தப்பா. "பாப்பா, நீங்க கூப்பிட்டாலும் கூப்பிடுவீங்கன்னு காலைலேர்ந்து வண்டிய யாருக்கும் குடுக்காம வாசல்லயே நிறுத்தி வெச்சிருந்தேம்மா. உங்கப்பா ரேஸ் இஞ்சின்னாரு, மைதானமே அசந்து நிக்குதுன்னாரு. சரி, இனி நமக்கென்ன வேலைன்னு இப்பதான் நம்ம ஸ்கூல் பையனோட வண்டிய பக்கத்து ஊர் ஆளுக்குச் சொல்லிக்குடுக்க அனுப்பிட்டேன்."

"திருப்பிக் கூப்பிடுங்க சித்தப்பா."

"எடுக்க மாட்டான்மா. வண்டியில இருக்கிறப்போ போனை அணைச்சு வெக்கணும்னு நான்தான் கண்டிஷன் போட்டிருக்கேன். பையன் ரொம்ப ஒழுக்கம். சாயங்காலம்தான் வருவான்."

அந்த ஒழுக்கமான பையன் மத்தியானம் வரை ஒழுக்கமாகவே இருந்தான். இன்ஸ்பெக்டர் குடையை விரித்து, பாப்பாவைப் பார்த்து ஒரு தடவை நின்று, பிறகு போய்விட்டார்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பாப்பா ஸ்டீயரிங், மாஸ்டரும் மாமாவும் பின்னால். அம்மா பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தாள். இவ்வளவு வேகமான இஞ்சின் இவ்வளவு மெதுவாக அந்தத் தெருவில் போனதை எதிர்ப்பக்கப் பலகைக்குக் கீழே நின்று சித்தப்பா பார்த்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. இறங்கி வந்து அவரும் ஒரு கை கொடுத்தார். அண்ணன் தம்பி இருவரும் தோளோடு தோள் ஒட்டித் தள்ளினார்கள். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. வாசல் வந்ததும் அவர் கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

மாமா இஞ்சின் மூடியைத் திறந்து கையால் சுற்றிக் காட்டினார். வால்வுகளை அழுத்துகிற கைகள் ஒவ்வொன்றாக மேலும் கீழும் துள்ளின. ஒன்று மட்டும் அசையவில்லை. அதற்குக் கீழே இருந்த உயரமான மேடு, ஊரில் எவருக்குமே இல்லாத மேடு, தேய்ந்து மொழுக்கென்று ஆகிவிட்டது. ஆயில் குச்சியை உருவினார். நுனியில் தேய்ந்த இரும்புத் தூள் ஜிகினாவாக ஒட்டியிருந்தது.

"அழகா இருக்குல்ல," என்றார் மாமா.

மாஸ்டர் படிக்கட்டில் உட்கார்ந்தார். "பழைய கேம் இருந்திருந்தா..." என்றார். அவ்வளவுதான் அவரால் முடிந்த மன்னிப்பு. வாழ்க்கையில் முதல் தடவையாக வாக்கியத்தைப் பாதியில் விட்டிருந்தார்.

அம்மா உள்ளே போனாள். துணி துவைக்கிற இடத்தில் ஏதோ உருட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில் ஈரம் சொட்டச் சொட்ட ஒரு இரும்புத் தண்டு.

பழைய கேம் ஷாஃப்ட்.

"அந்த இரும்புக்காரன் வண்டியிலேர்ந்து அன்னைக்கே எடுத்துட்டு வந்துட்டேன். நல்ல கனமா இருக்கு, பின்கதவு காத்துக்கு அடிச்சுக்குது, முட்டு வெக்கலாம்னு."

மாஸ்டர் எழுந்தே விட்டார். "பார்த்தியா! பார்த்தியா! குடும்பம்னா இதுதாண்டா!" தண்டைக் கையில் வாங்கி, வேட்டியில் துடைத்து, கோப்பை வாங்கியவர் மாதிரி தூக்கிப் பிடித்தார். "மாப்ளே, கழட்டு. இதோட டேப்பெட் எங்க? கழட்டின அன்னைக்கு டப்பாவுல போட்டு வெச்சேனே?"

"அந்தப் பிசுக்கு டப்பாவா?" என்றாள் அம்மா. "அதையும் சேர்த்துத்தானே கழுவினேன்."

"சேர்த்துன்னா?"

"எல்லாம் ஒரே குண்டான்லதான். எட்டு எண்ணி உங்ககிட்ட குடுத்தேன், மீதியை டப்பாவுல போட்டேன். அதென்ன, தனித்தனியா சோப்புத்தூள் போட முடியுமா?"

மாமா மெதுவாகத் திரும்பி, திறந்து கிடந்த இஞ்சினைப் பார்த்தார். உள்ளே போட்டதில் எது பந்தய வண்டியுடையது, எது சொந்த வண்டியுடையது என்பதே இப்போது யாருக்கும் தெரியாது. இந்த மாடலுக்குப் புது டேப்பெட் வருவது நின்று ரொம்ப காலம் ஆகிவிட்டது. மாஸ்டர் கையில் தூக்கிய தண்டு தூக்கியபடியே இருந்தது.

அப்போதுதான் போன் மணி அடித்தது. பாப்பா நகரவில்லை. அம்மா போய் எடுத்தாள்.

"ஆமாங்க, அவ வீடுதான்... ஆம்புலன்ஸ் ஆபீஸா, சொல்லுங்க சார்..." அம்மாவின் கண் வாசலுக்கு வந்தது. கணவர் கையிலிருந்த தண்டையும் பெண்ணின் முகத்தையும் ஒரு தடவை பார்த்தது. "வாங்கிட்டா சார். லைசென்ஸ் கையில இருக்கு. காலைல கொண்டு வந்துடுவா. அதெல்லாம் ஒண்ணும் பிரச்சனையே இல்ல சார்."

வைத்தாள்.

"அம்மா! என்னம்மா சொல்லிட்டே?"

"பின்ன? நீயும் உங்கப்பாவுமா சேர்ந்து அந்த இடத்தை அடுத்தவளுக்குத் தூக்கிக் குடுப்பீங்க, நான் பார்த்துட்டு நிக்கணுமா?"

"காலைல கேப்பாங்களேம்மா. காட்டுன்னு கேப்பாங்களே."

அம்மா வாசலில் சொட்டியிருந்த ஈரத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். அவளுக்கு அழுக்கைக் கழுவத்தான் தெரியும். அப்புறம் என்ன செய்வது என்பது எப்போதும் மற்றவர்கள் பாடு.

மாஸ்டர் தண்டைக் கீழே வைத்தார். தொண்டையைக் கனைத்தார். தோள் நிமிர்ந்தது.

"குடும்பத்தார் அனைவருக்கும் ஒரு முக்கிய அறிவிப்பு..."

பாப்பா ஸ்கூல் மேஜைக்குப் போய் உட்கார்ந்து தேதி பார்த்தாள்.

அடுத்த டெஸ்ட் அடுத்த மாதம்.